தலையில் மாட்டும் மின்கருவியை வாங்கலாமா? பாரிசவாதத்தில் விழுந்த கைக்கு மூளைத் தூண்டலும் பயிற்சியும்

கேள்வி (திருகோணமலை, உவர்மலையிலிருந்து ஒரு மகள்): அப்பாவுக்கு 61 வயது. சில்லறைக் கடை நடத்தியவர். 4 மாதங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மூளைக்குப் போகும் குருதிக்குழாய் அடைத்ததால் வந்தது என்றார்கள். இப்போது பொல்லூன்றி நடக்கிறார். பேச்சில் குறையில்லை. வலது தோளை அரைவாசி தூக்குவார். விரல்கள் மடங்கியே இருக்கின்றன. முயன்றால் கொஞ்சம் விரியும். கனடாவிலிருக்கும் தம்பி, தலையில் மாட்டி மூளைக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி ஒன்றை இணையத்தில் பார்த்துவிட்டு, வாங்கி அனுப்புகிறேன் என்று நிற்கிறான். உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் கை முழுதாக வந்துவிடும் என்று அதில் போட்டிருக்கிறதாம். நம்பலாமா?

பதில்:

இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். அந்தக் கருவியை ஏமாற்று என்று நான் ஒதுக்கவில்லை. அதற்குப் பின்னால் உண்மையான விஞ்ஞானம் இருக்கிறது, நல்ல ஆய்வாளர்கள் கால் நூற்றாண்டாக அதில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மின்சாரம் தானாக எந்தக் கையையும் அசைக்காது. அது பயிற்சிக்குத் துணை போவதற்காக உருவானது. பயிற்சியே போதாத கைக்கு அதைக் கொடுத்துப் பயனில்லை. கிழக்கு மாகாணத்தில் இயன்மருத்துவராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். நீங்கள் எழுதியதை வாசித்தபோது, உங்கள் அப்பாவுக்கு இன்று குறைவாகக் கிடைப்பது பயிற்சியின் அளவுதான் என்று எனக்குப் பட்டது. தம்பியின் அக்கறையைத் தட்டிக்கழிக்காமல், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விரிவாகவே எழுதுகிறேன். அவரிடமும் இதை வாசிக்கக் கொடுங்கள்.

அப்பாவின் வலக்கைத் தசைகளுக்கு நோய் எதுவும் வரவில்லை. அந்தக் கைக்குக் கட்டளை அனுப்பும் இடப்பக்க மூளையில் ஒரு பகுதி, குருதி கிடைக்காமல் இறந்துவிட்டது. இறந்த கலங்கள் திரும்பி வரமாட்டா. அவற்றைச் சுற்றி உயிர்தப்பிய கலங்கள் அந்த வேலையைப் பழகிக்கொள்ள முடியும். ரண்டோல்ஃப் நூடோ என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1996இல் இதைக் குரங்குகளில் காட்டினார்கள். மூளையின் கைக்குரிய பகுதியில் சிறு சேதம் ஏற்பட்டபின் குரங்கைச் சும்மா விட்டால், சேதத்தைச் சுற்றியிருந்த நல்ல பகுதியிலும் கைக்குரிய பரப்பு மேலும் சுருங்கியது. பழுதுபட்ட கையாலேயே சிறு குழிகளிலிருந்து உணவை எடுக்கப் பழக்கிய குரங்குகளில் அந்தப் பரப்பு காப்பாற்றப்பட்டது. சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் உரிய இடத்துக்குள்ளும் பரவியது. பாரிசவாத மறுவாழ்வில் இன்று நாம் செய்யும் எல்லாவற்றுக்கும் இதுதான் அத்திவாரம். கையைப் பயன்படுத்தாமல் விடுவது, இருந்ததையும் இழக்கும் வழி.

இனி மின்சாரத்துக்கு வருவோம். உங்கள் தம்பி பார்த்தது பெரும்பாலும் டிடிசிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நேர்மின்னோட்டத் தூண்டலாக இருக்க வேண்டும். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் வைத்து, 1 முதல் 2 மில்லி அம்பியர் வரையான மின்னோட்டத்தை ஏறக்குறைய 20 நிமிடம் செலுத்துவார்கள். ஒரு சிறிய பற்றரியே அதற்குப் போதும். அதில் பெரும்பங்கு தோலோடும் மண்டையோட்டோடும் போய்விடும். மூளைக்குள் சேர்வது சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கால் ஒரு நரம்புக்கலத்தைத் தானாகக் கிளரச்செய்ய இயலாது. ஏற்கெனவே கிளரத் தயாராக இருக்கும் கலத்தை அந்த நிலைக்கு இன்னும் சற்று நெருக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தும், அவ்வளவுதான். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மைக்கல் நிட்ஷே, வால்ட்டர் பௌலுஸ் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் இதை மனிதரில் அளந்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே, 13 நிமிடத் தூண்டலின் விளைவு ஒன்றரை மணிநேரம் வரை நீடிக்கலாம் என்றும் கண்டார்கள். இவை ஆரோக்கியமானவர்களில் கிடைத்த முடிவுகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பலகாமத்து வயலுக்கு நீர் பாய்ச்சினால் மண் இளகும். அந்த ஈரத்தில் விதைத்தவனுக்கு நெல், விதைக்காதவனுக்குப் புல். தூண்டலுக்கும் பயிற்சிக்கும் உள்ள உறவு இந்தளவு எளிமையானது. கருவியை மாட்டிக்கொண்டு கதிரையில் சாய்ந்து தொலைக்காட்சி பார்க்கும் அப்பாவின் மூளை அந்த 20 நிமிடத்தில் கையைப் பற்றி எதையும் பழகாது.

வைத்தியசாலைகளில் பயன்படும் இன்னொரு வகை, காந்தத் தூண்டல். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கரும் சகாக்களும் உருவாக்கியது. தலைக்கு மேலே பிடிக்கும் ஒரு கம்பிச்சுருளில் கணநேரம் பெருமின்னோட்டம் பாய, அதிலிருந்து எழும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து மூளையில் மின்துடிப்பை உண்டாக்கும். இது மெய்யாகவே கலங்களைக் கிளரச் செய்யும். சரியான இடத்தில் ஒரு துடிப்புக் கொடுத்தால் எதிர்ப்பக்கப் பெருவிரல் துள்ளும். ஒரு செக்கனுக்கு ஒரு துடிப்பு என்ற மெதுவான வேகத்தில் தொடர்ந்து கொடுத்தால் அந்தப் பகுதி பொதுவாக அடங்கும். 5, 10 என்று வேகத்தைக் கூட்டினால் பொதுவாக எழுச்சி பெறும். பழுதடைந்த பக்கத்தை எழுப்பலாம், அல்லது நல்ல பக்கம் பழுதடைந்த பக்கத்தை அளவுமீறி அடக்குகிறது என்று கருதி நல்ல பக்கத்தைச் சற்று அடக்கலாம். இரண்டையும் செய்து பார்த்திருக்கிறார்கள். கம்பிச்சுருள் அசையாமல் இருக்கவேண்டும் என்பதால் காந்தத் தூண்டலைப் பயிற்சிக்குச் சற்று முன்னரும், பஞ்சுப் பட்டைத் தூண்டலைப் பயிற்சி நடக்கும்போதும் கொடுப்பது வழமை.

இவ்வளவும் நியாயமாகத் தெரிகிறது. அப்படியானால் நோயாளர்களில் என்ன நடந்தது?

நம்பிக்கை தந்த ஆய்வு ஒன்றை முதலில் சொல்கிறேன். ஒக்ஸ்ஃபோர்டில் நடந்து 2016இல் வெளிவந்தது. பாரிசவாதம் வந்து நாளான 24 பேருக்கு 9 நாட்கள் கைப்பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு உண்மையான மின்னோட்டம். மீதிப் பேருக்குத் தலையில் பட்டைகள் இருந்தாலும் மின்னோட்டம் தொடக்கத்தில் மட்டும் வந்து நின்றுவிடும் போலித் தூண்டல். 3 மாதங்களின் பின், பொருட்களைப் பிடித்துத் தூக்கி வைக்கும் திறனில் உண்மைத் தூண்டல் பெற்றவர்கள் முன்னே நின்றார்கள். ஆனால் அதே ஆய்வில், கையின் அசைவை அளக்கும் இன்னோர் அளவுகோலில் இரு குழுவுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை. 24 பேர் என்பதும் சிறிய எண்ணிக்கை.

பெரிய ஆய்வுகள் வந்தபோது நிலைமை மாறியது. அமெரிக்காவில் பல நிலையங்களில் 199 பேரைக் கொண்டு நடந்த காந்தத் தூண்டல் ஆய்வு 2018இல் வெளிவந்தது. பாரிசவாதம் வந்து 3 முதல் 12 மாதமானவர்கள், அதாவது உங்கள் அப்பாவைப் போன்றவர்கள். 6 வாரங்களில் 18 தடவை. ஒவ்வொரு தடவையும் முதலில் தூண்டல், பிறகு அன்றாட வேலைகளை ஒட்டிய கைப்பயிற்சி. 6 மாதங்களின் பின் பார்த்தபோது உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் 67 சதவீதத்தினர் கவனிக்கத்தக்க முன்னேற்றம் கண்டிருந்தார்கள். இந்த எண்ணை மட்டும் எடுத்துப் போட்டால் அருமையான விளம்பரம் கிடைக்கும். போலித் தூண்டல் பெற்றவர்களிலோ 65 சதவீதத்தினர் அதே முன்னேற்றத்தை அடைந்திருந்தார்கள்.

இந்த இரண்டு எண்களையும் நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் முகம் வாடிப்போவார்கள். எனக்கு இது பெரிய நற்செய்தியாகவே படுகிறது. போலித் தூண்டல் பெற்ற அந்த நோயாளர்களுக்குக் கிடைத்தது என்ன? ஒழுங்கான, ஒருவர் கூடவே இருந்து செய்வித்த, அன்றாட வேலையை ஒட்டிய பயிற்சி. தூண்டல் இல்லாமலே, தானாக மீளும் முதல் மாதங்களின் வேகம் தணிந்த பிறகும், ஏறக்குறைய மூன்றில் இருவர் முன்னேறியிருக்கிறார்கள். இப்படி ஒரு பயனைத் தரும் மருந்து மாத்திரை இருந்திருந்தால் ஊரெல்லாம் அதைத் தேடி ஓடியிருக்கும்.

2025இல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, நீங்கள் கேட்கும் பஞ்சுப் பட்டைத் தூண்டலைப் பற்றியது. பாரிசவாதம் வந்து 1 முதல் 6 மாதங்களுக்குள் இருந்த 129 பேர். ஒரு குழுவுக்குப் போலித் தூண்டல், ஒரு குழுவுக்கு 2 மில்லி அம்பியர், ஒரு குழுவுக்கு 4 மில்லி அம்பியர். எல்லோருக்கும் 2 வாரம், 10 தடவை, நல்ல கையைக் கட்டுப்படுத்திப் பழுதுபட்ட கையை வேலை வாங்கும் பயிற்சி. பாதுகாப்பில் குறை தெரியவில்லை. கையின் அசைவு மீட்சியில் மூன்று குழுக்களுக்கும் இடையே வேறுபாடும் தெரியவில்லை.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பயிற்சியோடு சேர்ந்த தூண்டல் ஒன்று பெரிய ஆய்வில் வென்றும் இருக்கிறது. அது நேராக மூளையைத் தொடுவதில்லை. கழுத்தில் ஓடும் ‘அலையும் நரம்பு’ (வேகஸ்) என்ற நரம்பைத் தூண்டி, அதன் வழியாக மூளையைக் கற்றலுக்குத் தயார்செய்கிறது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் 108 பேரில் செய்து 2021இல் வெளியிட்டார்கள். நோயாளி கையை அசைக்கும் அந்தக் கணத்திலேயே அரை செக்கன் தூண்டல். 6 வாரப் பயிற்சி முடிந்து, அதன் பின் மேலும் 90 நாட்கள் கழித்துப் பார்த்தபோது தூண்டல் பெற்றவர்களில் 47 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 24 சதவீதத்தினரும் நல்ல முன்னேற்றம் கண்டிருந்தார்கள். அதே ஆண்டில் அமெரிக்க அரசு அனுமதியும் கொடுத்தது. இதற்கு நெஞ்சுத் தோலுக்கடியில் கருவி புதைக்கும் சத்திரசிகிச்சை வேண்டும், செலவு மிக அதிகம், ஆகவே இன்று உங்கள் வீட்டுக்கான வழி இதுவன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கும் வென்றது அசைவோடு கணம் தப்பாமல் இணைந்த தூண்டல். அசைவு இல்லையென்றால் இணைப்பதற்கு எதுவுமில்லை.

சிலருக்குப் பயன்பட்டுச் சிலருக்குப் பயன்படாமல் போவதற்கு ஒரு முக்கிய காரணம் உண்டு. மூளையிலிருந்து முள்ளந்தண்டு வழியாகக் கைக்கு இறங்கும் நரம்புப் பாதையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது ஆளுக்காள் வேறுபடும். நியூசிலாந்தின் ஒக்லாந்தில் கதி ஸ்டைனியர் என்பவரின் குழு, நோய் வந்து 3 நாட்களுக்குள் தோளைப் பக்கவாட்டில் தூக்கும் பலத்தையும் விரலை விரிக்கும் பலத்தையும் பார்த்து, தேவைப்பட்டால் காந்தத் துடிப்பால் அந்தப் பாதையைச் சோதித்து, கை எந்தளவு மீளும் என்று கணிக்கும் முறையை வகுத்திருக்கிறது. பாதை பெரும்பாலும் அறுந்துபோனவர்களுக்கு நல்ல பக்க மூளையே பழுதுபட்ட கைக்கும் உதவிக்கொண்டிருக்கக்கூடும். அவர்களிடத்தில் அந்த நல்ல பக்கத்தை அடக்கினால் உதவியைப் பறித்ததாகிவிடும். எனவே எல்லோருடைய தலையிலும் ஒரே இடத்தில் ஒரே பட்டையை வைக்கச் சொல்லும் கருவியின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உங்கள் அப்பாவின் தோள் தூக்குகிறது, விரல் கொஞ்சமேனும் விரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதை முழுக்க அறுந்துவிடவில்லை என்பதற்கு அது அடையாளம். முழுதாக வரும் என்று நான் சொல்லமாட்டேன். யார் அப்படி வாக்குக் கொடுத்தாலும் விலகிப் போங்கள். இன்னும் முன்னேற இடமிருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

ஆபத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பட்டைத் தூண்டலில் அரிப்பு, கூச்சம், தலையிடி வரலாம். பட்டை காய்ந்துபோனால் தோல் வெந்துவிடும். காந்தத் தூண்டலில் அரிதாக வலிப்பு வரக்கூடும். தலைக்குள் உலோகக் கிளிப், இதயத்தில் பேஸ்மேக்கர், முன்பு வலிப்பு வந்த வரலாறு, மண்டையோட்டை வெட்டித் திறந்த சத்திரசிகிச்சை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் நரம்பியல் வைத்தியரைக் கேட்காமல் எந்தத் தூண்டலையும் தொடக்கூடாது. வீட்டில் யாரோ ஒரு காணொளியைப் பார்த்து வைக்கும் வேலை இதுவல்ல.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விடயம்: அளவு.

கதரின் லாங் என்ற ஆய்வாளரும் சகாக்களும் வட அமெரிக்காவின் மறுவாழ்வு நிலையங்களில் அமர்ந்து எண்ணிப் பார்த்து 2009இல் எழுதினார்கள். ஒரு சிகிச்சை வேளையில் பழுதுபட்ட கை, பயனுள்ள அசைவை எத்தனை தடவை செய்கிறது? சராசரியாக 32 தடவை. விலங்கு ஆய்வுகளில் மூளை மாறுவதற்கு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவைகள் தேவைப்பட்டன. வசதியுள்ள நாடுகளிலேயே 32 என்றால், ஒரு இயன்மருத்துவருக்கு முன்னால் வரிசையில் பலர் காத்திருக்கும் நம்முடைய கிளினிக்கில், மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பஸ் பிடித்து வந்து அரை மணிநேரம் கிடைத்துத் திரும்பும் நோயாளிக்கு என்ன கிடைக்கும் என்று யோசியுங்கள். அங்கே வேலை செய்பவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த அரை மணிநேரம், என்ன செய்யவேண்டும் என்று கற்றுக்கொள்ளும் நேரம். செய்யும் நேரம் வீட்டில்தான் இருக்கிறது. லண்டனில் குயின் ஸ்குவேர் வைத்தியசாலை நாளுக்கு 6 மணிநேரம் வீதம் 3 வாரம், மொத்தம் 90 மணிநேரக் கைப்பயிற்சி கொடுத்து, நோய் வந்து பல மாதங்கள், ஆண்டுகள் கழிந்தவர்களிடத்திலும் நல்ல முன்னேற்றத்தைக் காட்டியிருக்கிறது.

காலமும் கணக்கில் வருகிறது. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 72 பேருக்குக் கூடுதலாக 20 மணிநேரப் பயிற்சியை வெவ்வேறு காலங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வந்து 2 முதல் 3 மாதமளவில் பெற்றவர்களே அதிகம் பயனடைந்தார்கள். அப்பாவுக்கு 4 மாதம். கதவு மூடிவிடவில்லை, ஆனால் கனடாவிலிருந்து பொதி வந்து சேரட்டும் என்று பார்த்திருக்க இது நேரமில்லை.

இயந்திரம் பெரிதாக இருந்தால் பலனும் பெரிதாக இருக்கும் என்ற எண்ணம் நம்மவரிடம் ஊறிப்போயிருக்கிறது. நடைக்கு 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 408 பேர். உடலைப் பட்டியால் தாங்கித் தொங்கவிட்டு, ஓடும் பட்டையில் நடக்கவைக்கும் விலையுயர்ந்த முறையை, இயன்மருத்துவர் வீட்டுக்கே வந்து படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் இரண்டும் சமம்.

அதற்காக எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையில் கட்டிவிடலாம் என்றும் நினைக்கக்கூடாது. நமக்கு அருகே இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1250 பேரைக் கொண்டு நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், குடும்பத்தினருக்குப் பயிற்சி முறையைக் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது, வழக்கமான கவனிப்பைவிட மேலான பலனைத் தரவில்லை. கற்றுக்கொடுத்துவிட்டு விட்டுவிடுவது போதாது என்றே நான் அதை விளங்கிக்கொள்கிறேன். யாராவது அடிக்கடி பார்த்துத் திருத்தவேண்டும், கடினத்தைக் கூட்டவேண்டும். தம்பி கருவிக்கு ஒதுக்கிய டொலரை இதற்குச் செலவிடலாம்: வாரத்தில் ஓரிரு நாள் ஒரு தகுதிபெற்ற இயன்மருத்துவரோ தொழில்வழிச் சிகிச்சையாளரோ வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு. அந்தப் பணத்தில் இது பல மாதம் ஓடும். என் கருத்தில் உங்கள் அப்பாவுக்கு வாங்கக்கூடியவற்றில் ஆகச் சிறந்தது இதுதான்.

என்ன செய்விப்பது? அவர் கடைக்காரர். அந்தக் கை பல்லாண்டு பழகிய வேலைகளிலிருந்தே தொடங்குங்கள். மேசையில் சில்லறைக் காசைக் கொட்டி, 10 ரூபாய்க் குற்றிகளை ஒவ்வொன்றாக விளிம்புவரை இழுத்து ஒரு பேணிக்குள் போடச் சொல்லுங்கள். காசு சிறிதாக இருந்தால் முதலில் தீப்பெட்டி, சோடா மூடி. பழைய பத்திரிகைத் தாளில் சரை சுற்றலாம். இடக்கை தாளைப் பிடிக்க வலக்கை உருட்டட்டும். பிறகு அந்தச் சரைக்குள் கச்சானை அள்ளிப் போடட்டும். பருப்புப் போத்தலை அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து மேசைக்கு எடுத்து வைப்பது தோளுக்கும் முழங்கைக்கும் வேலை. ஒரு வேலையை 50 தடவை, சற்று ஓய்வு, அடுத்த வேலை 50 தடவை. காலையிலும் மாலையிலும் சேர்த்து ஒரு நாளில் 300 வரை கொண்டுபோகப் பாருங்கள். முதல் வாரத்திலேயே 300 வராது; 100 வந்தாலும் நல்லது. ஒரு கொப்பியில் திகதி போட்டு எண்ணிக்கையை எழுதுங்கள். கணக்கெழுதிப் பழகியவர், இந்தக் கணக்கை அவரே பார்த்துக்கொள்ளட்டும், முடிந்தால் வலக்கையால் கோடு போட்டு. சுலபமாகிவிட்ட வேலையை நிறுத்திவிட்டுக் கடினமானதைக் கொடுக்கவேண்டும். பத்துக்குப் பத்தும் வெற்றியாக வந்தால் மூளை எதையும் புதிதாகக் கற்கவில்லை என்று அர்த்தம்.

நல்ல கைக்கு உறை போட்டுக் கட்டுப்படுத்தும் முறையை எட்வர்ட் டௌப் என்ற அமெரிக்கர் உருவாக்கினார். 222 பேரில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வில் அது நன்றாகவே வென்றது. மணிக்கட்டையும் விரல்களையும் தானாக ஓரளவு நிமிர்த்த முடிந்தவர்களுக்கே அது பொருந்தும். அப்பா இடக்கையில் பொல்லைப் பிடித்து நடப்பவர். ஆகவே இடக்கையில் உறை போடுவதானால் கதிரையில் இருக்கும்போது மட்டும். எழும்புவதற்கு முன் கழற்றிவிடவேண்டும். இதைக் கவனிக்காமல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எல்லாம் பாழ்.

கண்ணாடிப் பயிற்சியும் உண்டு. இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தி, இடக்கையின் பிம்பம் வலக்கை இருக்கும் இடத்தில் தெரியும்படி வைத்து, பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரு கைகளையும் அசைக்க முயல்வது. சென்னையில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், இல்லாத கையில் வலிப்பதாக உணர்பவர்களுக்காக முதலில் இதைப் பயன்படுத்தினார். பிறகு 1999இல் அவரும் சகாக்களும் பாரிசவாத நோயாளர் சிலரிலும் சோதித்து எழுதினார்கள். அதற்குப் பின் வந்த ஏராளமான ஆய்வுகள் பெரும்பாலும் அதற்கு ஆதரவாகவே இருக்கின்றன. மூளையைத் தூண்டும் கருவிதான் வேண்டும் என்று தம்பி நின்றால், இந்தக் கண்ணாடியை வாங்கித் தரட்டும். விரல் விரிப்பதற்கு நான் அடிக்கடி கொடுத்த பயிற்சி இது.

செய்யக்கூடாதவை சிலவும் உண்டு. கப்பியில் கயிறு போட்டு நல்ல கையால் பழுதுபட்ட கையை மேலே இழுப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது தோளில் வலியைக் கொண்டுவரும். எழுப்பும்போது வலக்கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். ரப்பர் பந்தை நாள்முழுதும் அமுக்கக் கொடுப்பதையும் நான் விரும்புவதில்லை. மடங்கத் தெரிந்த விரலுக்கு மடங்குவதையே கற்றுக்கொடுக்கிறோம், அவருக்குத் தேவை விரிப்பது. எண்ணெய் தடவுவதென்றால் மெதுவாகத் தடவுங்கள், ஆனால் அதைப் பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்றும் பலர் கேட்பார்கள். குளித்துவிட்டு மனம் தெளிந்தால் நல்லது. ஆனால் பழுதுபட்ட பக்கத்தில் சூடு சரியாக உறைக்காமல் இருக்கலாம். தண்ணீரை நல்ல கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், ஈரத்தளத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.

கைப்பயிற்சிக்கு முன் 20 நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். மூச்சுச் சற்று வேகமாகி, ஆனால் பேச முடியும் அளவுக்கு. இப்படி உடலைச் சூடாக்கியபின் மூளையின் இயக்கப் பகுதி கற்றலுக்கு இணக்கமாகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பாரிசவாத நோயாளரில் அது கையை எந்தளவு மாற்றும் என்பதில் நான் அளந்துதான் பேசுவேன். இதயத்துக்கும் பிரஷருக்கும் சலரோகத்துக்கும் நடை எப்படியும் வேண்டும், ஆகவே நட்டமில்லை. உவர்மலை ஏற்றத்தில் தொடங்க வேண்டாம். விடியற்காலையில் டச்சுக்குடா ஓரத்துச் சமதளப் பாதை நல்லது. மணலில் இறங்க வேண்டாம், பாதம் தடுக்கும். சித்திரை முதல் ஆவணி வரை நம்மூர் வெயிலில் 8 மணிக்குப் பிறகு நடக்கவே கூடாது. நெஞ்சு வலி, தலைசுற்று வந்தால் நிறுத்துங்கள். முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் புதிதாக விழுந்தாலோ 1990க்கு அழையுங்கள். பிரஷர் மாத்திரையையும் குருதி உறையாமலிருக்கும் மாத்திரையையும் ஒரு நாளும் தவறவிடாதீர்கள்; இரண்டாவது தடவை வந்தால் இவ்வளவு உழைப்பும் போய்விடும்.

மூன்று மாதம் இப்படிச் செய்தபின், முன்னேற்றம் வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால், தூண்டலைப் பற்றி நரம்பியல் வைத்தியரிடம் கேட்பதில் தவறில்லை. அப்போது அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அப்பாவின் ஸ்கேனைப் பார்த்து எந்தப் பக்கத்தை, ஏன் தூண்டப் போகிறீர்கள்? தூண்டலோடு அதே வேளையில் எத்தனை மணிநேரப் பயிற்சி, யார் கொடுப்பார்? தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் கையை எந்த அளவுகோலால் அளப்பீர்கள்? மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால் சேருங்கள். பயிற்சியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் தூண்டலுக்கு மட்டும் கட்டணம் கேட்கும் இடமென்றால் வேண்டாம்.

அடுத்த கிளினிக் நாளுக்கு முன் ஒன்று பார்த்து எழுதுங்கள். வலது முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விட்டு, அதைத் தானாக மேலே நிமிர்த்தச் சொல்லுங்கள். எவ்வளவு எழும்புகிறது, பெருவிரலோடு வேறு எந்த விரல்கள் விரிகின்றன, தோளில் வலி இருக்கிறதா என்று தெரிந்தால், உறை போடும் பயிற்சி அவருக்குப் பொருந்துமா என்பதையும் முதல் இரண்டு வாரத்துக்கு என்ன வேலைகள் கொடுக்கலாம் என்பதையும் விவரமாக எழுதுகிறேன்.